71-வது எழுத்து: மகளுக்கு எடுத்த காது மரபணுப் பரிசோதனை

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஏன் என்று தெரிந்துகொள்ள மரபணுப் பரிசோதனை எடுத்தோம். அதற்காக இரண்டு இடங்களுக்குப் பணம் கட்டினோம். ஒன்று, ஆன்லைனில் பதிவு செய்தால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் ஒரு லேப். இன்னொன்று, மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருக்கும் மரபணு ஆலோசனைப் பிரிவு. இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. எந்த ஊரில் எந்த இடத்துக்குப் போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் நான்தான் டைப் செய்து புரூஃப் பார்ப்பேன். கணவர் என் சொந்த அத்தை மகன். மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது சித்திரைப் பொங்கல் வந்தது. பத்ரகாளியம்மன் கோயில் வாணவேடிக்கை எங்கள் மாடியில் நின்றால் நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. என் தோளில் கிடந்தவள் வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். ஒரு பெரிய வெடிக்குச் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அவள் இமைகூட அசையவில்லை. அப்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அத்தை மட்டும், "நல்ல தூக்கம்மா அவளுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் இஎன்டி டாக்டரிடம் போனோம். முதலில் உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓஏஇ, அப்புறம் சத்தத்துக்கு நரம்பும் மூளையும் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பெரா. பெரா எடுக்கக் குழந்தை தூங்க வேண்டும் என்று மருந்து கொடுத்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி ஒரு மணி நேரம் பார்த்தார்கள். இரண்டு காதிலும் 90 டெசிபல் வரைக்கும் பதில் இல்லை. ஹியரிங் எய்டு போட்டுப் பார்த்துவிட்டு, காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி, வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு அது கிடைக்கும் என்று விவரமும் அவரே சொன்னார். கடைசியாக, "சொந்தத்தில் கல்யாணமா? அப்போ ஜெனெடிக் டெஸ்ட் ஒன்று எடுத்துவிடுங்கள்" என்று சொல்லி ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். அந்த லேப்தான் முதல் இடம்.

லேப் வேலையில் குறை சொல்ல முடியாது. சொன்ன தேதியில் பையன் வந்தான், ஒரே குத்தில் ரத்தம் எடுத்தான், ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனான். 22,000 ரூபாய். ஆறு வாரம் என்றார்கள், ஐந்தாவது வாரமே ரிப்போர்ட் வந்துவிட்டது.

எப்படி வந்தது என்பதில்தான் என் கோபம் எல்லாம். ஒரு மதிய நேரம், அச்சகத்தில் இருக்கும்போது, வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப். பதினொரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். கூட ஒரு போன்கூட இல்லை. முதல் பக்கத்தில் ஒரு கட்டம், அதில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ இருந்தது. அது எங்களுக்குப் புரியவில்லை. இரண்டாம் பக்கத்தில் எம்ஒய்ஓ7ஏ என்று ஒரு மரபணுவின் பெயர், பக்கத்தில் 'அஷர் சிண்ட்ரோம்' என்ற வார்த்தை. கணவர் அதைக் கூகுளில் போட்டார். பிறவியில் காது கேட்காது, வளர வளரப் பார்வையும் மங்கிக்கொண்டே போகும் என்று வந்தது. லேப்புக்குப் போன் செய்தால், "ரிப்போர்ட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள் மேடம்" என்பதுதான் பதில். டாக்டர் வெளியூரில் இருந்தார்.

பதினொரு நாள். ராத்திரியில் பாப்பா முழித்தால் நான் விளக்கைப் போடாமல் கையை ஆட்டுவேன். அவள் கண் என் விரலைத் தொடர்கிறதா என்று பார்ப்பேன். தொடரும். மறுநாள் ராத்திரி மறுபடியும் பார்ப்பேன். அந்தப் பதினொரு நாளை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒரு அரை மணி நேரம் பேசியிருந்தால் அது இருந்திருக்கவே இருக்காது.

இனி மதுரை. காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறினால் எட்டு மணிக்கெல்லாம் மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்துவிடலாம். ஆலோசனைக் கட்டணம் 800 ரூபாய். டோக்கன் போட்டும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், அதைச் சொல்ல வேண்டும். உட்கார நாற்காலி போதவில்லை. குழந்தையைத் தூங்கவைக்க இடம் இல்லை. ஆனால் உள்ளே போனபின் எங்களுக்குக் கிடைத்த நேரம் ஒன்றேகால் மணி. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கவுன்சலர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர் முதல் பக்கத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, "காரணம் இதுதான். அந்த இரண்டாம் பக்கம் காரணம் இல்லை. அஷர் வருவதற்கு அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டும். இவளுக்கு ஒன்றில் மட்டும் ஒரு மாற்றம். அதுவும் கெடுதல் செய்யுமா என்று இன்னும் தெரியாத வகை. அதைத் தள்ளி வையுங்கள்" என்றார். கணவர் எழுந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் குடும்ப மரம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். காது கேட்காதவர் என்றால் உள்ளே கறுப்பு. கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு, அவர்கள் சொந்தக்காரர்கள் என்றால் இரட்டைக் கோடு. எனக்கும் கணவருக்கும் நடுவே அவர் இரட்டைக் கோடு போட்டபோது அத்தை தலையைக் குனிந்துகொண்டார். கீழே பாப்பாவுக்கு வட்டம் போட்டுப் பென்சிலால் நிரப்பினார். மேலே என் அப்பா, அத்தை, தாத்தா, பாட்டி.

"தாத்தாவுடன் பிறந்தவர்கள் யாருக்காவது காது கேட்காமல் இருந்ததா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை மெதுவாக, "எங்க சின்ன அத்தை பேசமாட்டாங்க. ஊமைன்னு சொல்லி வீட்டோட வச்சிருந்தாங்க. நல்லா தீப்பெட்டி ஒட்டுவாங்க" என்றார். அப்படி ஒருவர் இருந்ததே எனக்குத் தெரியாது. என் தாத்தாவின் தங்கை. கல்யாணம் ஆகாமலே இறந்தவர். எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசியதில்லை. கவுன்சலர் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு அதையும் நிரப்பினார். தாளில் இப்போது இரண்டு கறுப்பு வட்டம், நடுவே இரண்டு தலைமுறை.

அந்த ரிப்போர்ட்டின் முதல் பக்கத்துக்கு வருகிறேன். மரபணுவின் பெயர் ஜிஜேபி2. 13-வது குரோமோசோமில் இருக்கிறது. பிறவிக் காது கேளாமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1997-ல்தான் வெளியானது. மாற்றத்தின் பெயர் டபிள்யூ24எக்ஸ். என் வேலை என்ன என்று கேட்ட கவுன்சலர், நான் சொன்னதும் பேனாவை என்னிடமே கொடுத்து எழுதச் சொன்னார். டிஎன்ஏவில் நான்கே எழுத்து. மும்மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலம், அவற்றைக் கோத்தால் ஒரு புரதம். இந்த மரபணு கொடுக்கும் புரதத்தில் 226 அமினோ அமிலம். 24-வது இடத்தில் டி-ஜி-ஜி என்று இருக்க வேண்டும். பாப்பாவுக்கு டி-ஏ-ஜி என்று இருக்கிறது. 71-வது எழுத்து மாறிவிட்டது. டி-ஏ-ஜி என்றால் அந்த மொழியில் முற்றுப்புள்ளி. 226 வரை போக வேண்டிய வாக்கியம் 23-லேயே நின்றுவிடுகிறது.

எனக்கு அது உடனே புரிந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'நிகழும் மங்களகரமான' என்ற இடத்திலேயே முற்றுப்புள்ளி விழுந்து, மீதிப் பத்திரிகை அச்சாகாமல் போனால் என்ன ஆகும்? மணமகன் பேர் இல்லை, மண்டபம் இல்லை, தேதி இல்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யாரும் கல்யாணத்துக்கு வர முடியாது. பாதியில் நின்ற புரதமும் அப்படித்தான், அதனால் ஒரு வேலையும் நடக்காது.

அந்தப் புரதத்தின் பெயர் கனெக்ஸின் 26. உள்காதில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. இந்தப் புரதம் ஆறு சேர்ந்தால் பாதி வாசல். பக்கத்துச் செல்லின் பாதியும் வந்து பொருந்தினால் முழு வாசல். சத்தம் உள்ளே வரும்போது, அதை உணரும் முடிச் செல்களுக்குள் பொட்டாசியம் நுழைகிறது. வேலை முடிந்ததும் அது இந்த வாசல்கள் வழியாகத் திரும்பிப் போய் மறுபடியும் பயன்பட வேண்டும். வாசலே இல்லை என்றால் அந்தச் சுற்று நடக்காது, செல்கள் வேலை செய்யாது. ஆனால் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு நன்றாகவே இருக்கும். இதைச் சொல்லிவிட்டு, "அதனால்தான் ஜிஜேபி2 குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொதுவாக நன்றாகப் பலன் தருகிறது. சீக்கிரம் செய்துவிடுங்கள்" என்றார். அதுவரை அறுவை சிகிச்சைக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர் என் கணவர். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போதே காப்பீட்டு அட்டையை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பரிசோதனையால் ஆன முதல் பெரிய நன்மை அது. இரண்டாவது, எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

பாப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து என் மேல் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று நான் வெளியே வந்தேனாம். ஐந்தாம் மாதம் ஒரு காய்ச்சலுக்கு மாத்திரை போட்டேனாம். அச்சகத்தில் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருந்தேனாம். யாரும் சத்தம் போட்டுச் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவார்கள். கவுன்சலர் அத்தையின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அம்மா, குழந்தைக்கு இரண்டு பிரதி. ஒன்று உங்க மகன் கொடுத்தது, ஒன்று மருமகள் கொடுத்தது. இரண்டு பேருக்கும் ஒன்று நல்லதாக இருப்பதால் அவர்களுக்குக் காது கேட்கிறது. உங்க மகனுக்கு அது உங்க வழியாக வந்திருக்கலாம், மருமகளுக்கு அவங்க அப்பா வழியாக, அதாவது உங்க அண்ணன் வழியாக. நீங்க இரண்டு பேரும் உங்க அப்பாவிடம் வாங்கியிருக்கலாம். இதில் யாரும் எதையும் தெரிந்து செய்யவில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்றார். அத்தை நீண்ட நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கறுப்பு வட்டத்தின் மேல், தன் சின்ன அத்தையின் மேல், விரலை வைத்தார். கிரகணப் பேச்சு எங்கள் வீட்டில் அதோடு நின்றது.

சொந்தத்தில் செய்ததுதான் தப்பா என்று நான் கேட்டேன். கவுன்சலரின் பதிலை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். சொந்தக் கல்யாணம் இந்த மாற்றத்தை உண்டாக்காது. ஏற்கெனவே குடும்பத்தில் இருக்கும் ஒரே மாற்றம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பைக் கூட்டும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமனைக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. டபிள்யூ24எக்ஸ் இந்தியாவில் பரவலாக இருப்பதால் சொந்தமே இல்லாத இரண்டு பேரும்கூடத் தற்செயலாக அதைச் சுமக்கலாம். பிறவியில் காது கேட்காத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள்.

எங்கள் இருவருக்கும் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், ஆளுக்கு 3,500 ரூபாய். இரண்டு பேருக்கும் ஒரு பிரதி என்று உறுதியானது. அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. இங்கே ஒரு விஷயம் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், நானும்தான். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்கு வராது என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக நான்கில் ஒன்று. கர்ப்பத்தின்போதே தெரிந்துகொள்ளும் பரிசோதனை இருக்கிறது என்பதையும் சொன்னார். அதைச் செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

கேள்விகளை வைத்து அவர் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியதும் பார்க்க நன்றாக இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது முன்நெற்றியில் வெள்ளை முடிக்கற்றை, நீலக் கண் உண்டா? அப்படியென்றால் வார்டன்பர்க் என்ற பரம்பரை நோய். கழுத்தில் தைராய்டு வீக்கம்? பென்ட்ரெட். சிறுநீரகக் கோளாறு? ஆல்போர்ட். திடீரென்று மயங்கி விழுந்து இறந்த குழந்தை? இது இதயத் துடிப்பைப் பாதிக்கும் ஒரு வகை, ஈசிஜி எடுத்தால் தெரியும். பாப்பாவுக்கு இஎன்டி டாக்டர் எதற்கு ஈசிஜி எடுக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா வழியில் யாருக்காவது ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டபின் காது போயிற்றா என்றும் கேட்டார். தாயின் வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஒரு மாற்றம் இருந்தால், அந்த ஊசி ஒன்றிரண்டே காதைக் கெடுத்துவிடுமாம். அந்தக் குடும்பம் முழுக்க அந்த மருந்தைத் தவிர்த்தாலே போதும்.

மருந்தால் குணமாகுமா என்று கணவர் கேட்டார். அவரும் செய்தி பார்த்திருக்கிறார். 2024-ல் சீனாவிலும் அமெரிக்காவிலும் மரபணு சிகிச்சையால் குழந்தைகளுக்குக் காது கேட்டது உண்மை, ஆனால் அது ஓட்டோஃபெர்லின் என்ற வேறு மரபணுவுக்கு. அந்த வகையில் ஓஏஇ சரியாக இருக்கும், பெராவில்தான் பதில் வராது. பாப்பாவுக்கு இரண்டுமே வரவில்லை. ஜிஜேபி2-வுக்கு அப்படி ஒரு சிகிச்சை இன்னும் கைக்கு வரவில்லை என்று நேராகச் சொன்னார். பொய்யான நம்பிக்கை கொடுத்து இன்னொரு டெஸ்ட்டுக்கு எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

காத்திருந்த நேரத்தில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். எதிர் நாற்காலியில் ஒரு இளம் தம்பதி, இரண்டு பேருமே காது கேளாதவர்கள். கைகளால் வேகமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் இறங்கிப் போய் அவர்கள் முன்னால் நின்று அந்தக் கைகளையே பார்த்தாள். அந்தப் பெண் அவளுக்குப் பூ என்று விரல் குவித்துக் காட்டினாள். இவளும் விரலைக் குவித்தாள். பிறகு நான் கவுன்சலரிடம் கேட்டேன், அப்படி இருவருக்கும் காது கேட்காவிட்டால் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று. இரண்டு பேருக்கும் ஜிஜேபி2 காரணமாக இருந்தால் எல்லாக் குழந்தைகளும் கேளாதவர்களாகத்தான் பிறப்பார்கள். இரண்டு பேருக்கும் காரணம் வெவ்வேறு மரபணுவாக இருந்தால், பெரும்பாலும் குழந்தைக்குக் காது கேட்கும். பெயர் ஒன்றுதான், காது கேளாமை. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள்.

பணம் பற்றி ஒன்று. வேறு எந்தக் கோளாறும் இல்லாத குழந்தைக்கு முதலில் ஜிஜேபி2 ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, அதில் கிடைக்காவிட்டால் மற்றதற்குப் போகலாம் என்று மதுரையில் சொன்னார்கள். எங்கள் விஷயத்தில் அதிலேயே விடை கிடைத்திருக்கும், 22,000 செலவாகியிருக்காது. எனவே லேப்புக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் ஆலோசனை, பிறகு ரத்தம், பிறகு மறுபடியும் ஆலோசனை. ரிப்போர்ட்டை யார், எப்போது, எந்த மொழியில் விளக்குவார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் சாம்பிள் கொடுக்காதீர்கள். போகும்போது வீட்டில் வயதான ஒருவரைக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். அத்தை வராமல் இருந்திருந்தால் அந்தச் சின்னப்பாட்டி தாளில் வந்திருக்கமாட்டார்.

மதுரையில் எனக்குப் பெரிய குறை, எழுத்தில் தமிழ் இல்லாதது. வாயால் அவ்வளவு அழகாகச் சொன்னவர்கள் கையில் கொடுத்த சுருக்கக் குறிப்பு இங்கிலீஷ்தான். அதனால் அவர் சொன்னதை நானே ஒரு பக்கத்தில் தமிழில் டைப் செய்து, அடுத்த முறை போனபோது காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தார். எங்கள் சொந்தக்காரர்கள் பதினான்கு வீட்டுக்கு அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு ஒரு வயது பத்து மாதத்தில் இம்ப்ளான்ட் ஆனது. இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. குக்கர் விசில் வந்தால் அடுப்படியைக் கைகாட்டி எண்ணுகிறாள். மூன்றுக்கு அப்புறம் ஐந்து என்கிறாள்.

அத்தைக்குத் தன் சின்ன மகனுக்கு என் தங்கையைக் கட்டிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அவர்கள் இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. தங்கைக்கு அந்தப் பிரதி இருக்க வாய்ப்பு பாதி, கொழுந்தனுக்கும் பாதி. இரண்டு பேரில் ஒருவருக்கு இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணத்தால் வரும் பயம் போய்விடும், வேறு மரபணுக்களுக்கு அது உத்தரவாதம் ஆகாது என்பதையும் சொல்லித்தான் சாம்பிள் வாங்கினார்கள். இந்தத் தடவை டோக்கன் போட்டது, இரண்டு பேரையும் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனது எல்லாம் அத்தைதான். ரத்தம் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது.